அஞ்சலையின் கழுத்துக் கறுப்பு

தோட்டத்து மருந்தறைச் சாவியை ஒப்படைக்கப் போன அன்று, எனக்குப் பதிலாக வேலைக்கு வந்திருந்த இளைஞர் பழைய பதிவேடுகளை மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் நான் எழுதிய புத்தகங்கள். சிலவற்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. சிலவற்றில் மருந்து சிந்தி ஊதா நிறம் படிந்திருந்தது. அவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, என்னா நோய்னு எழுதுற எடத்துல நெறைய பேருக்கு 'சன்'னு போட்டிருக்கீங்களே. அது என்னா நோய்?"

பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுதுவதுதான் எங்கள் வழக்கம். 'சன்' என்றால் மூன்றே எழுத்து. எழுதுவதும் சுலபம், அடுத்த ஆளைக் கூப்பிடுவதும் சுலபம்.

"வெயில்" என்றேன்.

"வெயில் எப்பிடிங்கய்யா நோயாகும்?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பசறை வழியாகப் பதுளைக்கு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவருக்கு வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது தெமோதரையில். அப்பாவுக்கு ரயில்பாதையில் வேலை. பதுளையில் படித்தேன். பிறகு ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தறையில் ஒன்றரை வருடம் கலவை கலக்கவும் புண் கட்டவும் ஊசி போடவும் பழகினேன். அறுபதுகளின் நடுவில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு டிஸ்பென்சராக வந்தேன். பயிற்சியைப் பற்றி அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் காட்டிய தோல் நோய்ப் படங்களில் இருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். அது அன்றைக்கு எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பேர் எடுத்து, இன்னார் இந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் கங்காணியிடம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். அந்த ஜன்னல் வழியாகத்தான் வைத்தியம். பேர் கேட்பேன், வீட்டு வரிசையான லயத்தின் நம்பர் கேட்பேன், என்ன செய்கிறது என்று கேட்பேன். நாக்கை நீட்டச் சொல்வேன். கீழிமையை அவர்களே இழுத்துக் காட்டுவார்கள், அது அவர்களுக்குப் பழக்கம். இருமலுக்குச் சிவப்புக் கலவை, வயிற்றுக்கு வெள்ளை, காய்ச்சலுக்கு மஞ்சள். கொண்டுவரும் போத்தலில் ஊற்றி, கடுதாசித் துண்டை வெட்டி ஒட்டி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அடையாளம் வைத்துக் கொடுப்பேன். ஒருவருக்கு இரண்டு நிமிடம். சீக்கிரம் அனுப்பினால்தான் அவர்கள் மலைக்குப் போய், அரைநாள் பேர் விழுந்து பாதிக் கூலியாவது வாங்கலாம். அதனால் வேகமாகப் பார்ப்பதை நான் ஒரு நல்ல குணமாகவே நினைத்திருந்தேன்.

மாதம் ஒருமுறை பெரிய டாக்டர் வருவார். சுற்றுவட்டாரத்தில் பல தோட்டங்களுக்கு அவர் ஒருவர். பேர் இங்கே வேண்டாம். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைக் காம்பராவில் விட்டுப்போன குழந்தைகளுக்கு வரும்போதெல்லாம் ஒரு டின் பிஸ்கட் கொண்டுவருவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வந்ததும் சட்டைக் கையை மடித்து, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, துவாலையால் விரல் விரலாகத் துடைப்பார். அதன்பிறகு நோயாளியைத் தொடமாட்டார். பேனா மூடியால் சுட்டிக்காட்டி, "இது எத்தனை நாள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் நோயாளியைப் பார்த்துக் கேட்பேன். நோயாளி எனக்குச் சொல்வார், நான் அவருக்குச் சொல்வேன். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம்.

அவர் ஒருவரைத் தொட்டுப் பார்த்ததை ஒரே ஒரு தடவை கண்டேன். அது நான் வந்த இரண்டாம் வருடம். அப்போது தோட்டத்தை நடத்திய பெரியதொரை வெள்ளைக்காரர். அவர் காதோரத்தில் ஒரு சின்னப் புண், பருப்பு அளவுதான், ஆறாமல் இருந்தது. டாக்டர் அவரைப் பங்களா வராந்தாவில் வெளிச்சம் விழும் பக்கமாக நாற்காலியில் உட்காரவைத்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். காதை மடித்துப் பார்த்தார், புண்ணின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்தினார், கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கால் மணி நேரம் ஆயிருக்கும். பிறகு கொழும்புக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்கே வெட்டி எடுத்தார்கள், தொரை சுகமாகிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் டாக்டர் என்னிடம் விளக்கினார்.

"வெள்ளைத் தோலுக்கு வெயில் விஷம். முப்பது வருஷம் இந்த மலையில நின்னா இப்படித்தான் வரும். நமக்குப் பயமில்ல. நமக்குக் குடை தோலுக்குள்ளேயே இருக்கு." தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு என்னைவிட நல்ல குடை."

நானும் சிரித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை. கறுப்புத் தோல் வெயிலைத் தாங்கும். ஆனால் அப்படித் தாங்குவதற்கு உடம்புக்குள் வேறு சிலதும் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து முகம் கறுத்தது, கை கறுத்தது என்று யார் வந்து நின்றாலும் 'சன்' என்று எழுதி, ஒரு பூச்சு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர்களும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.

எழுபதுகளில் பஞ்சம் வந்தது. அரிசி குறைந்தது, பிறகு மாவும் குறைந்தது. வேலை நாளும் குறைந்தது. பேர் விழாத ஆளுக்கு அடுப்பு எரியாது. ஆட்கள் மலையிறங்கிக் கீழே சிங்களக் கிராமங்களுக்குப் போய், காட்டை எரித்துப் பயிரிடும் சேனைகளில் கூலிக்கு நின்று, கூலியாகச் சோளமும் மரவள்ளிக் கிழங்கும் வாங்கி வந்தார்கள். பதுளை பஸ் நிலையத்தில் எங்கள் தோட்டத்து ஆட்கள் கையேந்தி நின்றதை நானே பார்த்தேன். என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

அஞ்சலை எட்டாம் நம்பர் லயம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். புருசன் சிவனாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். மூத்தவள் ராசாத்திக்குப் பதினைந்து வயது, அவளுக்குக் கீழே இரண்டு பையன்கள். அஞ்சலையின் குரல் மலைக்கு அந்தப்பக்கம் கேட்கும். கொழுந்து எடுப்பதில் முதல் வரிசை. என் ஜன்னலுக்கு வந்தால் சும்மா போகமாட்டாள்.

"ஐயா, அந்த செவப்புத் தண்ணியக் கொஞ்சம் கூட ஊத்துங்க. பைப்புலதான புடிக்கிறீங்க, ஒங்களுக்கென்னா நட்டம்?" என்பாள். வரிசை முழுதும் சிரிக்கும்.

பஞ்சம் முற்றிய வருடம் மாசி மாதத்தில் அவள் வந்தபோது சிரிப்பு இல்லை. இரண்டு கைகளையும் ஜன்னல் கட்டைமேல் வைத்தாள். புறங்கையிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழேவரை தோல் கறுத்து, காய்ந்து, மீன் செதில்போல வெடித்திருந்தது. கழுத்தைச் சுற்றியும் அப்படியே, ஒரு பட்டை கட்டியதுபோல.

"எரியுதுங்கய்யா. வெயில் பட்டா நெருப்ப வச்ச மாரி இருக்கு."

"வெயில்ல நின்னா எரியாம என்னா செய்யும்?"

"இத்தன வருசமா நிக்கிறேனே. அப்பல்லாம் எரியலையே."

இந்த ஒரு வார்த்தைக்கு நான் நின்றிருக்க வேண்டும். அவள் எனக்கு நோயையே சொல்லிவிட்டாள். அதே வெயில், அதே மலை, அதே தோல். மாறியது என்ன என்று கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

"நெழல் மரத்தெல்லாம் வெட்டிட்டாங்கள்ல, அதான். துணியப் போத்திக்கிட்டு வேல செய்யி" என்றேன்.

அவள் தாலிக் கயிற்றை விரலால் சற்று நகர்த்திக் காட்டினாள். கயிறு கிடந்த இடத்தில் மட்டும் தோல் பழைய நிறத்திலேயே ஒரு கோடாக இருந்தது. பாருங்கள், வெயில் படாத இடம் நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே ருசு சொல்லிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை வாய். நாக்கு எரிகிறது, உப்புப் பட்டால் உயிர் போகிறது என்றாள். நாக்கு தோல் உரித்த மாதிரிச் சிவந்து கிடந்தது. வாய்ப்புண் என்று எழுதி, ஊதா மருந்தைப் பஞ்சில் தோய்த்து நாக்கு முழுவதும் தடவிவிட்டேன். தினமும் வந்து தடவிக்கொள்ளச் சொன்னேன். அதற்குப் பிறகு வயிற்றுப்போக்கு என்று வந்தாள். வெள்ளைக் கலவை கொடுத்தேன். தோல் ஒரு பக்கத்திலும், வாய் ஒரு பக்கத்திலும், வயிறு இன்னொரு பக்கத்திலும் என் புத்தகத்தில் இருந்தன. ஒரே பேர், ஒரே லயம், ஒரே கையெழுத்து. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

சந்தேகப்பட்டவர் எங்கள் மருத்துவிச்சி சவுந்தரம். லயம் லயமாகப் போய்ப் பிரசவம் பார்க்கிறவர். என்னைப்போல ஜன்னல் வழியாக ஆட்களைப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"ஐயா, அஞ்சலை கையிலயும் கழுத்துலயும் இருக்கது வெறும் கறுப்பா தெரியலையே. தொட்டா தடிப்பா இருக்கு. கொதிக்குது. ஓரத்துல கோடு கிழிச்ச மாரி நிக்கிது."

"வெயில்தான் சவுந்தரம். கயித்துக்கு அடியில பாத்தீங்களா?"

"வெயிலுன்னா எட்டாம் லயத்துல எல்லாத்துக்கும்ல வரணும்?"

பெரிய டாக்டர் வரும் நாளில் காட்டிவிடலாம் என்றேன். காட்டவும் செய்தோம். அவர் கை கழுவி, துடைத்து, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பேனா மூடியால் கழுத்தைச் சுட்டினார்.

"வெளியில வேலையா?"

"கொழுந்து, சேர்."

"சன். துணிக்குள்ள எங்கயும் இல்லையே? இல்ல. வாயைத் திற." அஞ்சலை திறந்தாள். "என்ன இது ஊதாவா இருக்கு?"

"புண்ணு இருந்தது சேர். மருந்து தடவினேன்."

"குட்" என்றார்.

நான் தடவிய மருந்து அந்த நாக்கின் நிறத்தை மூடியிருந்தது. அந்தச் சிவப்பை மட்டும் அவர் கண்டிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். கறுப்பு உடம்பில் சிவப்பு, சிவப்பாகவே தெரிகிற இடம் நாக்கு ஒன்றுதான். அதைத்தான் நான் பூசி மறைத்திருந்தேன். பல வருடம் கழித்தும் ஊதா மருந்துப் போத்தலைத் திறக்கும்போது என் கை ஒரு நொடி நின்றுதான் நகரும்.

பங்குனியில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. மலையில் நிரையை மறந்து வேறு ஆள் நிரையில் நின்றாள். கொழுந்துக்குப் பதிலாக முற்றல் இலையைப் பறித்துக் கூடையில் போட்டாள். கங்காணி திட்டினால் யாரைத் திட்டுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாதையில் உட்கார்ந்து அழுதாளாம். கங்காணி அவளுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார். வேலை நின்றதும் மாவும் நின்றது. லயத்தில் முனி பிடித்திருக்கிறது என்றார்கள். சிவனாண்டி பூசாரியைக் கூட்டிவந்து கயிறு கட்டினார்.

அவர் என்னிடம் வந்தபோது அவளால் நடக்க முடியவில்லை. அன்றுதான் முதன்முதலாக அவர்கள் வசித்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போனேன். சாக்கின்மேல் படுத்திருந்தாள். கால் மேற்புறமும் கறுத்து வெடித்து நீர் கசிந்தது. "அஞ்சலை" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்து, "தண்ணி ஊத்த வந்தீங்களா?" என்றாள். பழைய கேலியா, நினைவு தப்பிய பேச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கம்பளியில் தூளி கட்டி ஆட்கள் அவளைப் பாதைவரை சுமந்தார்கள். தேயிலை ஏற்றும் லொறியில் நானும் சிவனாண்டியும் பதுளைக்குக் கொண்டுபோனோம். வார்டில் ஓர் இளம் லேடி டாக்டர் இருந்தார். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுக்கச் சொன்னார். அஞ்சலையின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பிப் பார்த்தார். விரலின் பின்பக்கத்தால் கறுப்பையும் அதற்கு மேலேயிருந்த நல்ல தோலையும் மாறி மாறித் தொட்டார். கழுத்தில் அந்தப் பட்டையின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி விரலை ஓட்டினார். பிறகு ஈரத் துணியால் நாக்கிலிருந்த ஊதாவைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, நாங்கள் யாருமே கேட்காததைக் கேட்டார்.

"இவங்க என்ன சாப்பிட்டாங்க?"

சிவனாண்டி தயங்கினார். "சோளந்தாங்கம்மா. கூழு."

"வேற?"

"மாவு கெடைச்சா ரொட்டி சுடுவா. அத புள்ளைகளுக்கும் எனக்கும் குடுத்துருவா. அவ கூழுதான்."

"எத்தனை மாசமா?"

"அஞ்சாறு மாசம் இருக்கும்ங்க."

அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையாகத்தான் சொன்னார். சோளத்தையே தின்று வந்தால் உடம்பில் ஒரு சத்து இல்லாமல் போகும், அது இல்லாவிட்டால் தோலால் வெயிலைத் தாங்க முடியாது, எந்தக் கறுப்புத் தோலாக இருந்தாலும் வெயில் படும் இடம் வெந்துபோகும், கூடவே நாக்கும் குடலும் புத்தியும் கெடும் என்றார். "வெயில் சரிதான். உள்ள இருக்கற பசிய அது வெளியில காட்டியிருக்கு. கறுப்புத் தோல்ல செவப்பத் தேடாதீங்க, தெரியாது. சூட்டப் பாருங்க, தடிப்பப் பாருங்க, ஓரத்தப் பாருங்க." பிறகு சிவனாண்டியிடம் கேட்டார்: "இத்தனை நாளா யாருமே பாக்கலையா?"

சிவனாண்டி என்னை ஒருமுறை பார்த்தார்.

"ஐயா பாத்தாருங்கம்மா. அவரு நல்லாத்தான் பாத்தாரு."

இதற்குமேல் ஒரு மனிதனை அடிக்க முடியாது. அவர் அடிப்பதற்காகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

மருந்து ஒரு சின்ன மாத்திரை. விலை உயர்ந்தது ஒன்றுமில்லை. ஆனால் அஞ்சலையின் குடலில் எதுவும் தங்கவில்லை. ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் அவள் இறந்தாள். அதே லொறியில் கொண்டுவந்து தோட்டத்திலேயே புதைத்தோம்.

புதைத்துவிட்டு வந்து மருந்து அலுமாரியைத் திறந்தேன். பின்வரிசையில் அந்த மாத்திரை ஒரு டின் நிறைய இருந்தது. பங்களாவுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் என்று பெரிய டாக்டர் ஒதுக்கி வைக்கச் சொன்ன சத்து மாத்திரைகளில் அதுவும் ஒன்று. மூடியின் ஈயத்தாள் கிழிக்கப்படவே இல்லை. அஞ்சலை கையை வைத்த ஜன்னல் கட்டையிலிருந்து அந்த அலுமாரி நான்கு எட்டுத்தான்.

அடுத்த மாதம் டாக்டர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார், தண்ணீரை நிறுத்தவில்லை. பிறகு காருக்குப் போய் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தைத் தேடி என்முன் வைத்தார். ஒரு வெள்ளைக்காரரின் கைகள். புறங்கை செக்கச்செவேல் என்றிருந்தது.

"இதைத்தான் படிச்சேன். இதுல செவப்பு இருக்கு. அந்தப் பொம்பளைகிட்ட செவப்பு எங்க இருந்தது?" என்றார். புத்தகத்தை மூடிக்கொண்டே தொடர்ந்தார். "இந்த மாசத்து ரிப்போர்ட்ல வயித்துப்போக்குன்னு போடுங்க. சாப்பாடுன்னு எழுதினா மேல ஆயிரம் கேள்வி வரும். பதில் சொல்ல முடியாது."

நான் வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. டாக்டர் போனபிறகு அதை மாற்றி எழுத எனக்கு நாள்கணக்கில் நேரம் இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வேலை போனால் நானும் அந்தக் கூழுக்குத்தான் போகவேண்டும் என்பது தெரியும். அதனால் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

அதன்பிறகு நானும் சவுந்தரமும் லயம் லயமாகப் போனோம். ஆட்களை வாசலில் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, ஜாக்கெட் கையையும் சட்டைக் கையையும் ஏற்றிவிடச் சொல்லி, மறைவாக இருந்த தோலையும் வெளியே இருந்த தோலையும் புறவிரலால் தொட்டுப் பார்த்தோம். பதுளையில் அந்த லேடி டாக்டர் காட்டிய மாதிரியே. நாக்கைத் துடைத்துப் பார்த்தோம். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம். அதைக் கேட்டதும் பாதிப்பேர் பொய் சொன்னார்கள், சோறு என்றார்கள். அடுப்பைப் பார்த்தால் தெரியும். ஒன்பது பேரைக் கண்டுபிடித்தோம். எட்டுப் பேர் பெண்கள். அவர்களில் நான்கு பேருக்கு நான் முன்பே 'சன்' என்று எழுதியிருந்தேன்.

ஈயத்தாளைக் கிழித்து மாத்திரை கொடுத்தேன். பெரிய டாக்டருக்குத் தெரியும், தடுக்கவில்லை. ஒரு வாரத்தில் வயிற்றுப்போக்கு நின்றது, நாக்கு ஆறியது. கறுப்பு உரிந்து புதுத்தோல் வந்தது. கண்ணெதிரே அவர்கள் தேறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். இத்தனை சுலபமா என்ற நினைப்புத்தான் வந்தது.

எட்டாம் லயத்துக்குக் கடைசியாகத்தான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிவனாண்டி கீழே கிராமத்துக்குப் போயிருந்தார். நல்ல வெயில் நேரம், ஆனால் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. ஜன்னலில் சாக்குத் தொங்கியது. தட்டியதும் ராசாத்தி திறந்தாள். அப்பாவின் நீளக்கைச் சட்டையைப் போட்டுக் கழுத்துப் பொத்தான்வரை மாட்டியிருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். அம்மா இருந்த இடத்தில் அவளுக்குப் பேர் போட்டிருந்தார்கள், அந்தக் கோலத்தோடுதான் மலைக்கும் போகிறாளாம். உள்ளே இருட்டில் இரண்டு பையன்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னா ராசாத்தி, புள்ளைகள உள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்க?"

"வெயில் படக்கூடாதுல்லங்கய்யா. அம்மாவ போத்திக்கச் சொன்னீங்க, அது கேக்கல. கொழுந்து எடுக்க முடியலன்னு துணிய அவுத்துரும். நான் அவுக்கவே மாட்டேன். தம்பிங்களையும் வெளியில விடுறதில்ல."

சின்னவனை வாசலுக்குக் கூப்பிட்டேன். அவள் விடவில்லை. நான் வற்புறுத்தியபின் துணியால் அவன் தலையை மூடி அழைத்துவந்தாள். கையைத் தொட்டேன். மணிக்கட்டுக்கு மேல் தோல் தடித்திருந்தது, சூடாக இருந்தது. அடுப்பில் சோளக் கூழ் இருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மாவைக் கொன்றது வெயில் இல்லை என்றேன். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

"அப்ப என்னா செய்யணும்ங்கய்யா?"

"சாப்பாட்ட மாத்தணும்."

"என்னா சாப்புடணும்?"

"முட்ட, மீனு, எறச்சி. பருப்பு, கடல..."

அவள் நன்றாகக் கவனித்துக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்பதுபோல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு சட்டையின் கையை இழுத்து விரல் நுனிவரை மூடிக்கொண்டாள்.

"வெயிலாவே இருந்திருக்கலாம்ங்கய்யா. வெயிலுன்னா போத்திக்கலாம்."

அவர்கள் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்தேன். சின்னவன் தேறினான். இரண்டு மூன்று மாதத்தில் டின் காலியாகிவிட்டது. எழுதிக் கேட்டேன், பிறகு வந்தது உத்தியோகத்தர் வீடுகளுக்கே போதவில்லை. சோளம் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வருடம், இரு நாட்டு ஒப்பந்தப்படி, சிவனாண்டி குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகக் கடுதாசி வந்தது. புறப்படும் காலையில் அவர் என் ஜன்னலுக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்தபிறகுதான் பேசினார். பிள்ளைகள் மூட்டைகளோடு பாதையில் நின்றார்கள்.

"போயிட்டு வாரோம்ங்கய்யா. அங்கிட்டு வெயில் இங்கயவிட ரொம்பக் கூடன்னு சொல்றாங்க. என்னா தின்னுவோமோ தெரியல. புள்ளைகளுக்கு அந்த மாத்திர கொஞ்சம் கெடைக்குமா?"

"இல்ல சிவனாண்டி. ஒண்ணுகூட இல்ல."

"பரவால்லங்கய்யா. நீங்க என்னா செய்வீங்க?" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு ஒதுங்கினார்.